கால் லிட்டர் தண்ணீர்

ஜனவரி 6, திங்கள்

இந்த டைரி என் வீட்டுக்காரருடைய எலெக்ட்ரிகல் கடைக்கு ஒயர் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு சுவிட்ச் படம். வருஷம் பிறந்து ஆறு நாளாக எழுத ஒன்றும் இல்லை. இன்றைக்கு இருக்கிறது.

பள்ளிக்கூடத்து ஈமெயிலில் எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. பெங்களூருப் பக்கம் இருக்கும் ஒரு பல்கலைக்கழகம். பன்னிரண்டாம் வகுப்பு மௌனிகாவுக்காக நான் போன மாதம் அனுப்பிய பரிந்துரைக் கடிதத்தைப் படித்தார்களாம். மிக்க நன்றியாம். ஒரே ஒரு சந்தேகமாம். மூன்றாவது பத்தியில் வரும் பிரியங்கா யார்?

பிரியங்கா இரண்டு வருஷத்துக்கு முன்பு என்னிடம் படித்தவள். இப்போது ஈரோட்டில் நர்சிங். விஷயம் இதுதான்: ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டரில் என் கடிதம் ஒன்று தயாராக இருக்கும். சின்சியர், ஒபீடியன்ட், ஹார்ட் ஒர்க்கிங், எதிர்காலம் பிரகாசமாக அமைய வாழ்த்துகள். நான்கு இடத்தில் பெயரை மாற்றினால் போதும், இரண்டு நிமிஷ வேலை. இதுவரை நாற்பத்து மூன்று பெண்கள் அந்தக் கடிதத்தோடு கரையேறியிருக்கிறார்கள். இந்தத் தடவை மூன்று இடத்தில் மாற்றினேன். நாலாவது இடத்துக்கு வரும்போது யாரோ முறுக்கு டப்பாவைத் திறந்தார்கள். இதில் என் தவறு கால்வாசி.

இருபதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் வேறு கடிதம் அனுப்பலாமாம். எப்படி எழுத வேண்டும் என்றும் ஒரு பக்கம் இணைத்திருக்கிறார்கள். எனக்கு. இருபத்தாறு வருஷம் வேதியியல் எடுத்தவளுக்கு. மார்க்கைத் திரும்பச் சொல்லாதீர்கள், அது எங்களிடம் இருக்கிறது. நல்லவள், வல்லவள் என்றெல்லாம் வேண்டாம், எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். உங்கள் கண்ணால் பார்த்த ஒரே ஒரு சம்பவத்தை எழுதுங்கள். அந்த மாணவி உங்களை மறுத்துப் பேசிய சம்பவமாக இருந்தால் இன்னும் நல்லது.

கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். மறுத்துப் பேசுவதெல்லாம் ஒரு தகுதியா?

ஜனவரி 7, செவ்வாய்

எச்.எம். சாவித்திரி மேடம் கூப்பிட்டனுப்பினார். ஈமெயிலை அவரும் பார்த்துவிட்டார். சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"குணவதி டீச்சர், அந்தப் புள்ளைக்கு இது ஒண்ணுதானுங்க வழி. ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாமே அவங்க பாத்துக்கறாங்க. இது இல்லீன்னா பரீட்சை முடிஞ்ச அடுத்த வாரமே அவங்கம்மா போற மில்லுக்குப் போயிரும். பேசி வச்சுட்டாங்களாம்."

"நல்லாவே எழுதீருலாமுங்க மேடம்."

"போன தடவையும் நல்லாத்தான எழுதுனீங்க" என்றார்.

மௌனிகாவை நான் ஏதோ வேண்டுமென்றே கவிழ்த்தது மாதிரி ஒரு பார்வை. எனக்கு அவள்மேல் எந்தக் கோபமும் கிடையாது. இதை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 8, புதன்

இலவச பீரியடில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்.

"மௌனிகா அமைதியான பெண்." அடித்தேன். அந்தப் பெயரை வைத்த மகராசன் யாரென்று தெரியவில்லை, குழந்தை அழாமல் இருந்த அரைமணி நேரத்தில் வைத்திருக்க வேண்டும்.

"வகுப்பில் ஆர்வத்தோடு பங்கெடுப்பாள்." அதாவது வாயை மூட மாட்டாள். "எதையும் ஆழமாக அறிய விரும்புவாள்." அதாவது ஒன்றைச் சொன்னால் ஒன்பது கேட்பாள், பாடம் முடியாது. இப்படி மாற்றி மாற்றி எழுதினால் எந்தக் குற்றச்சாட்டையும் பாராட்டாக்கிவிடலாம் என்று தெரிகிறது. ஆனால் சம்பவம் வேண்டுமாமே.

கருப்பு நோட்டை எடுத்தேன். வகுப்பில் யார் என்ன சேட்டை செய்தாலும் தேதி போட்டு அதில் எழுதிவிடுவது என் வழக்கம். ஜூனிலிருந்து டிசம்பர் வரை எண்ணினேன். மௌனிகா பெயர் பதினான்கு இடத்தில். மற்ற இருபத்தொன்பது பேருக்கும் சேர்த்து ஒன்பது. தொண்ணூற்றெட்டுக்குக் குறையாமல் வாங்கும் ஹரிணியின் பெயர் ஒரு தடவைகூட இல்லை. ஹரிணிக்கு மூக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தேன். வரவே இல்லை.

ஜனவரி 9, வியாழன்

மதியம் மௌனிகாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பிரியங்கா சமாச்சாரத்தையும் சொன்னேன். அழுவாள் என்று கர்ச்சீப் எடுத்து வைத்திருந்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பிரியங்காக்காவுக்கு சீட்டுக் குடுத்துட்டாங்களாங் டீச்சர்?"

"வாயாடாத. நீயே ஒரு சம்பவம் சொல்லு, நான் எழுதறேன்."

"நான் சொன்னா அது என்ற கடுதாசி ஆயிருமுங்களே. உங்க கண்ணுல பட்டதத்தான கேட்டிருக்காங்க."

"சரி, ஒண்ணு கேக்கறேன். இங்கிலீஸ் டீச்சர் உன்னைத் தலையில தூக்கி வச்சுக்கறாங்க. மேத்ஸ் டீச்சர் உன்ற பேரச் சொன்னாலே பல்லக் காட்டறாங்க. அவங்களயெல்லாம் உட்டுப்போட்டு எங்கிட்ட எதுக்கு வந்து கேட்ட?"

கொஞ்சம் யோசித்தாள். அவள் யோசித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"அவங்கல்லாம் நல்ல புள்ளைன்னு எழுதீருவாங்கங். என்னையப் பத்தி ஒரு நோட்டே போட்டு வச்சிருக்கறது நீங்க ஒருத்தருதானுங் டீச்சர். உங்களுக்குத்தான் என்னைய நெறையத் தெரியும்."

போ, போய் படி என்று துரத்திவிட்டேன். கர்ச்சீப்பை நான்தான் உபயோகித்தேன், ஜலதோஷம்.

ஜனவரி 10, வெள்ளி

கருப்பு நோட்டில் சுருக்கமாகத்தான் இருக்கும். விவரம் வேண்டுமென்றால் போன வருஷத்து டைரியைப் பார்க்க வேண்டும். பரணிலிருந்து இவரை எடுத்துத் தரச் சொன்னேன். "பழசக் கிண்டுனா தூசிதான் வரும்" என்று தும்மிக்கொண்டே கொடுத்தார்.

செப்டம்பர் 18. நான் எழுதியிருப்பது முழுவதும் இது: "பிராக்டிகல். கரைசல் குறைந்தது, சமாளித்தேன். மௌனிகா ரீடிங் விஷயத்தில் வாய். இரண்டு பீரியடு வெளியே. வெண்டைக்காய் கொழகொழ."

நோட்டிலுள்ள பதினான்கில் நீளமான தண்டனை இதுதான். மறுத்துப் பேசியதும் இதுதான். இதை எழுதலாமா என்று பார்த்தால், "சமாளித்தேன்" என்றால் என்ன செய்தேன் என்று நினைவில்லை. வெண்டைக்காய் நன்றாக நினைவிருக்கிறது.

ஜனவரி 11, சனி

பொங்கலுக்கு வீடு ஒழித்துத் துடைத்தோம். மின்விசிறி மூன்று, ஜன்னல் ஏழு. நினைவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

சரி.

நினைவிருக்கிறது. வெள்ளிக்கிழமையே இருந்தது.

இந்த டைரியை என்னைத் தவிர இவர்தான் படிக்க முடியும், இவருக்கு ஒயர் விலை தவிர வேறெதையும் படிக்கும் பொறுமை கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பிராக்டிகலில் ஒரு பச்சை உப்புக் கரைசல். அதில் இருபது மில்லி எடுத்துக் குடுவையில் விட்டு, மேலே பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து ஊதாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். வெளிர் ரோஸ் நிறம் வந்து நின்றதும் நிறுத்தி, எவ்வளவு இறங்கியது என்று பார்த்து எழுத வேண்டும். அதுதான் ரீடிங். மூன்று தடவை செய்ய வேண்டும். எங்கள் லேபில் அந்த ரீடிங் 20.2. எந்த வருஷமும் 20.2. அக்கா தங்கைக்குச் சொல்லி, தங்கை தோழிக்குச் சொல்லி, லேபுக்குள் நுழையும் முன்பே எல்லாப் பெண்களுக்கும் 20.2 தெரியும். ஊதாக் கரைசல் எங்கே நின்றாலும் நோட்டில் 20.2 என்று எழுதுவார்கள். எனக்கும் அது தெரியும். நானும் டிக் போடுவேன். நாங்கள் படித்த காலத்திலும் இதேதான் நடந்தது.

அன்றைக்கு இரண்டு லிட்டர் பாட்டிலில் பச்சைக் கரைசல் கொஞ்சம் குறைவாக இருந்தது. முப்பது பேருக்குப் போதாது. புதிதாகக் கரைக்க வேண்டுமென்றால் முக்கால் மணி நேரம். விருந்தாளி வந்தால் ரசத்துக்குச் செய்வதை நான் கரைசலுக்குச் செய்தேன். குழாயைத் திறந்து, கோடு வரைக்கும் தண்ணீர் விட்டேன். அதுதான் சமாளித்தது.

இருபத்தொன்பது பேர் 20.2 எழுதினார்கள். மௌனிகா மட்டும் என் மேஜைக்கு வந்து, "17.7 தானுங் வருது, மூணு தடவையும்" என்றாள். அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன். "எல்லாத்துக்கும் 20.2 வருது, உனக்கு மட்டும் என்ன தனியா வேதியியல் வச்சிருக்காங்களா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. வெளியே நிற்க வைத்தேன். பிராக்டிகல் மார்க்கிலும் இரண்டைக் குறைத்தேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான்கு மாதமாகவே இருந்திருக்கிறது போல, வெண்டைக்காய் என்று எழுதி மூடி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 13, திங்கள், போகி

காலையில் வாசலில் மௌனிகாவும் அவள் அம்மாவும். பொங்கல் பானையில் கட்ட மஞ்சள் கொத்து கொண்டுவந்திருந்தார்கள். அம்மா நைட் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"எப்பப் பாத்தாலும் குணவதி டீச்சர் இப்புடி வஞ்சாங்க, குணவதி டீச்சர் அப்புடித் திட்டுனாங்கன்னு உங்க பேச்சுத்தானுங் வூட்ல" என்றார் அந்த அம்மா, என்னமோ நான் அவர் மகளுக்குத் தங்கச்சங்கிலி போட்ட மாதிரி சந்தோஷமாக. காபி கலக்க இவரை உள்ளே விரட்டினேன். அந்த அம்மா கோலம் பார்க்கக் கொஞ்சம் தள்ளிப் போன சமயம், மௌனிகாவிடம் சொல்லிவிட்டேன். மூச்சு விடாமல் ஒரே வாக்கியத்தில் சொன்னேன்.

"அன்னைக்கு உன்ற ரீடிங்தான் சரி, நான் தண்ணி ஊத்தீட்டேன், தெரிஞ்சே உன்னைய வெளிய நிறுத்துனேன், தப்பு என்றது."

அவள் மஞ்சள் இலையை மடக்கி மடக்கிப் பிரித்தாள்.

"தெரியுமுங் டீச்சர். ரெக்கார்டு நோட்டு அடுக்கறதுக்கு அன்னைக்கு நேரத்துலயே லேபுக்கு வந்துட்டனுங். நீங்க குழாயத் தொறந்தத பாத்தேன்."

"அடி பாவி! அதைச் சொல்றதுக்கென்ன? நாயம் பேசாத எடமே கெடையாது உனக்கு!"

"எல்லாத்து முன்னாலயும் எப்புடிங் சொல்றது? ரீடிங்க மட்டும் சொன்னேன், நீங்களே புரிஞ்சுக்குவீங்கன்னு." பிறகு குரலை இறக்கி, "எவ்வளவு ஊத்துனீங்கன்னு பாக்கல. அத வெளிய நின்னப்ப ரீடிங்க வச்சுக் கண்டுபுடிச்சனுங். ரெக்கார்டு நோட்டுல கடைசிப் பக்கம். நீங்க கையெழுத்துக்கூடப் போட்டிருக்கீங்க."

திருத்துவதற்காக எடுத்துவந்த ரெக்கார்டு நோட்டுகள் கட்டிலடியில்தான் இருந்தன. அவர்கள் போனதும் தேடினேன். கடைசிப் பக்கம், பென்சிலில் நான்கு வரிக் கணக்கு. பாட்டில் இரண்டு லிட்டர். வர வேண்டியது 20.2, வந்தது 17.7. ஆகவே சேர்த்த தண்ணீர் 248 மில்லி. கீழே பொடி எழுத்தில், "ஏறக்குறைய கால் லிட்டர். டீச்சர் அவசரத்தில் இருந்தார்கள்."

அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெரிய டிக். என் கையெழுத்து. தேதி.

படிக்காமல் கையெழுத்துப் போட்டதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது. காபி டம்ளரோடு வந்த இவர் எந்தப் பக்கம் ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் காபியை அவரே குடித்துவிட்டார்.

ஜனவரி 14, செவ்வாய்

பால் பொங்கிற்று. கிழக்குப் பக்கம்.

ஜனவரி 18, சனி

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் தடவை கரைசல் "குறைந்திருந்தது" என்று எழுதினேன், தானாகவே குறைந்த மாதிரி. இரண்டாவது தடவை "தண்ணீர் சேர்ந்துவிட்டது", மழை பெய்த மாதிரி. மூன்றாவதில் "ஆய்வகத்தில் நேர்ந்த ஒரு பிழை". நாலாவதில் மௌனிகாவைப் புகழ்ந்து தள்ளியிருந்தேன், என் குற்றத்துக்கு வட்டி கட்டுகிற மாதிரி இருந்தது.

ஐந்தாவதுதான் நின்றது. ஆங்கிலத்தில் எழுதினேன், சாரத்தை இங்கே தமிழில் வைக்கிறேன்:

"மௌனிகாவை எனக்கு அவள் செய்த தொந்தரவுகள் மூலமாகத்தான் தெரியும். செப்டம்பர் 18 அன்று நான் ஒரு கரைசலில் தண்ணீர் கலந்தேன். முப்பது மாணவிகளில் இருபத்தொன்பது பேர் எதிர்பார்த்த விடையை எழுதினார்கள். இவள் கண்ட விடையை எழுதினாள். நான் தண்ணீர் கலந்ததை இவள் பார்த்திருந்தும், என்னைக் காட்டிக்கொடுக்காமல் தன் அளவீட்டை மட்டும் சொன்னாள். நான் இவளை வெளியே நிறுத்தினேன், இரண்டு மார்க்கும் குறைத்தேன். வெளியே நின்ற இரண்டு பீரியடில், எவ்வளவு தண்ணீர் கலந்தேன் என்பதைக் கணக்கிட்டு முடித்தாள். விடை சரி. பக்கத்தின் நகல் இணைத்துள்ளேன், மேலே இருக்கும் கையெழுத்து என்னுடையதுதான், அப்போது நான் அதைப் படிக்கவில்லை. இவள் பேச்சை நிறுத்த மாட்டாள். உங்கள் ஆசிரியர்கள் தயாராக இருக்கட்டும்."

ஒபீடியன்ட் என்ற சொல் இல்லாமல் நான் எழுதிய முதல் கடிதம். இவரிடம் படித்துக் காட்டினேன். "உனக்கு வேலை போயிருமா?" என்றார். போகாது என்றேன். "அப்ப அனுப்பீரு" என்று கடைக்குக் கிளம்பிவிட்டார்.

ஜனவரி 20, திங்கள்

எச்.எம். கையெழுத்தும் பள்ளிக்கூடத்து சீலும் இல்லாமல் கடிதம் போகாது. மதியம் மூன்றரைக்குக் கொண்டுபோனேன். மேடம் கண்ணாடியை மாட்டிப் படித்தார். கழற்றினார். துடைத்து மறுபடியும் படித்தார்.

"டீச்சர், எழுத்து ரொம்ப நல்லாருக்குதுங்க. இந்தத் தண்ணிய மட்டும் எடுத்துருங்களே. ஸ்கூல் பேரு இருக்குதல்லங்க."

"தண்ணிய எடுத்தா ரீடிங் மாறிருமுங்க மேடம்."

மேடமும் ஒரு காலத்தில் வேதியியல் எடுத்தவர். சட்டென்று வந்த சிரிப்பை மேஜையில் இருந்த பூகோள உருண்டைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பிறகு முகத்தைச் சரிசெய்து, மணியைப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, சீலை ஓங்கிக் குத்தினார். நான் எழுந்தபோது, "உக்காருங்க" என்றார். இன்னொரு தாளை எடுத்து ஏதோ எழுதி, அதிலும் சீல் குத்தி என்னிடம் நீட்டினார்.

மெமோ. ஆய்வகக் கரைசலில் கவனக்குறைவாகத் தண்ணீர் கலந்ததற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். அந்த இரண்டு மார்க்கை உடனே திருத்த வேண்டும்.

"உண்மைன்னா ரெண்டு பக்கமும்தானுங்களே டீச்சர்" என்றார்.

நாலு ஐம்பத்திரண்டுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தது. அனுப்பும் முன் பெயரை நாலு இடத்திலும் விரல் வைத்துப் பார்த்தேன். எங்கேயும் பிரியங்கா இல்லை.

ஜனவரி 22, புதன்

மெமோவுக்கு விளக்கம் கொடுத்தேன். "கவனக்குறைவு அல்ல. கவனமாகத்தான் கலந்தேன்." இருபத்தாறு வருஷத்தில் முதல் மெமோ. ஃபைலில் போட மனமில்லை, இந்த டைரிக்குள் வைத்திருக்கிறேன்.

மார்ச் 3, திங்கள்

பொதுத்தேர்வு தொடங்கியது. மூன்று மணி நேரம் வாயைத் திறக்காமல் மௌனிகா எப்படி இருந்தாள் என்று தெரியவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சேதியும் இல்லை. நான் ஈமெயிலை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பார்க்கிறேன். இன்று ஆறு.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் போன். ஒரே கூச்சல், யாரென்றே புரியவில்லை. பிறகு அம்மாவின் குரல், அதுவும் அழுகை. கடைசியில் மௌனிகா.

"டீச்சர், கெடச்சிருச்சுங்! ஹாஸ்டலோட! வூட்ல ஒரு ரூவா குடுக்க வேண்டாமாம்!"

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். போன வாரம்தான் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். "இன்டர்வியூல என்ன கேட்டாங்க?" என்றேன்.

"வேதியியல்லாம் கொஞ்சமாத்தானுங் கேட்டாங்க. அந்தக் கடுதாசில வர்ற டீச்சர் நெசமாவே இருக்காங்களா, இல்ல நீயா எழுதுனியான்னுதான் மொதக் கேள்வி."

"நீ என்ன சொன்ன?"

"நானா எழுதியிருந்தா அவங்கள இவ்வளவு மோசமா எழுதியிருக்க மாட்டேன்னு சொன்னனுங்."

வாயைப் பார், என்று சொல்ல வந்தேன். அதற்குள் சிரித்துவிட்டேன். சந்தோஷம். அவ்வளவுதான், வேறு பெயர் இல்லை அதற்கு.

ஜூலை 9, புதன்

புது வகுப்பு, முதல் பிராக்டிகல். முப்பத்திரண்டு பெண்கள். நேரத்திலேயே லேபுக்குப் போய்ப் பச்சைக் கரைசலைப் புதிதாகக் கரைத்து, இரண்டு லிட்டர் பாட்டிலில் கோட்டுக்கு 248 மில்லி குறைவாக ஊற்றினேன். யாரும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, அளவு ஜாடியில் சரியாக 248 மில்லி தண்ணீர் பிடித்து உள்ளே விட்டேன். மேடத்திடம் முதலிலேயே எழுத்தில் அனுமதி வாங்கியாயிற்று, ஒரு மெமோ போதும்.

மேஜை மேஜையாகப் போனேன். 20.2. 20.2. 20.2. என்ன ஒற்றுமை! ஹரிணி மாதிரியே பொட்டு வைத்த ஒருத்தி மூன்று தடவையும் 20.2 எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தாள். அவள் பியூரெட்டில் ஊதா இன்னும் இறங்கவே ஆரம்பிக்கவில்லை.

கடைசி மேஜையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். ஒல்லியாக, ஒரு ஜடை அவிழ்ந்து. நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு மட்டும் தப்பா வருதுங் டீச்சர். மூணு வாட்டி பண்ணிப் பாத்துட்டேன். பதினேழு புள்ளி ஏழுலயே நிக்குதுங்."

இருபத்தாறு வருஷப் பழக்கம், என் வாய் என்னைக் கேட்கவில்லை. "வெளிய வா!" என்றேன்.

லேபே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் நோட்டை விடாமல் என் பின்னால் வராண்டாவுக்கு வந்தாள். மௌனிகாவை நிற்க வைத்த அதே தூண். நான் கருப்பு நோட்டைப் பிரித்துத் தேதி போட்டேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"திட்டி எழுதறீங்களாங் டீச்சர்?"

"பேரச் சொல்லு அம்மிணி" என்றேன். "இனிஷியலோட, மெதுவாச் சொல்லு. ஒரு எழுத்து மாறாம எழுதிக்கோணும்."